வளர்ச்சிக் கணக்கும் உரிமைக் கண்காணிப்பும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

மனித உரிமைக் கண்காணிப்பையும் ஐக்கிய நாடுகள் சபை வகுத்துள்ள நிலையான வளர்ச்சி இலக்குகளையும் இணைத்துப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்துள்ளனர். இது ஏதோ வெளிநாட்டு மாளிகையில் பேச வேண்டிய பொருள் என்று சிலர் எண்ணக்கூடும். நம் தெருக் குழாயடியில் பேச வேண்டிய பொருள் என்பதே என் கருத்து.

நம் சங்கத்துக்குள் இருவகை எண்ணமுடையோர் உள்ளனர் என்பதை யாவரும் அறிவோம். பெரியவர்கள், "பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுப்போம், கட்டணம் கட்டுவோம், படிக்க வைப்போம், வழக்கு வம்பு நமக்கு வேண்டா" என்கின்றனர். இளைஞர்களோ, "இரவுப் பாடசாலையும் உதவித்தொகையும் மட்டும் போதா, கொடுமை நடக்கும் இடத்தில் சங்கம் நிற்க வேண்டும்" என்கின்றனர். முன்னதை வளர்ச்சிப் பணி என்றும் பின்னதை உரிமைப் பணி என்றும் பிரித்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. இந்தப் பிரிவினையை நான் ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்பதைச் சொல்ல ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பின்னே செல்ல வேண்டியிருக்கிறது.

1927ஆம் ஆண்டு மார்ச் மாதம் 12ஆம் நாள். பம்பாய்ச் சட்டமன்றத்தில் கல்வி மானியத்தின்மீது விவாதம். அம்மன்றத்துக்குப் புதிதாக நியமனம் பெற்றிருந்த அண்ணல் அம்பேத்கர் எழுந்து பேசினார். அவர் கையில் எடுத்தது அரசாங்கமே அச்சிட்டு வைத்திருந்த புள்ளிவிவரம். தொடக்கப் பள்ளியில் சேரும் 100 பிள்ளைகளில் 18 பேர் மட்டுமே நான்காம் வகுப்பை எட்டுகின்றனர். எஞ்சிய 82 பேர் மீண்டும் எழுத்தறியாதவராகவே ஆகிவிடுகின்றனர் என்று எடுத்துக்காட்டினார். அதனோடு நில்லாமல், மாகாண மக்களை அரசு நான்கு பிரிவாகப் பிரித்து வைத்திருந்ததைக் கொண்டே மற்றொன்றையும் காட்டினார். தாழ்த்தப்பட்டோரை உள்ளடக்கிய பிற்பட்ட பிரிவு மக்கள்தொகையில் இரண்டாம் இடம், கல்வியில் நான்காம் இடம். அதாவது கடைசி இடம். பொதுக் கணக்கைப் பார்த்தால் கல்வி பரவுவதாகத் தோன்றும். பிரித்துப் பார்த்தால்தான் யாரிடம் பரவவில்லை என்பது தெரியும்.

அதற்கு எட்டு நாள் கழித்து, மார்ச் 20ஆம் நாள், மகாடு நகரில் ஆயிரக்கணக்கான மக்களுடன் சென்று சவுதார் குளத்து நீரை அவர் கையால் அள்ளிப் பருகினார். இதை நம் பிள்ளைகள் எல்லாரும் படித்திருக்கின்றனர். ஆனால் அக்குளம் அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே காகிதத்தில் திறந்துவிடப்பட்ட குளம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பொது நீர்நிலைகளைத் தீண்டப்படாதார் பயன்படுத்தலாம் என்று 1923இல் சட்டமன்றம் தீர்மானித்தது. மகாடு நகராட்சியும் 1924இல் அதை ஏற்றுத் தீர்மானம் போட்டது. நகராட்சிப் பதிவேட்டைப் புரட்டியிருந்தால், "குளம் அனைவருக்கும் உரியது" என்றே இருந்திருக்கும். ஆனால் ஒரு குடம் நீரை ஒருவரும் எடுக்க முடியவில்லை. எடுத்த பின்னரோ அடி விழுந்தது. பால், தயிர், சாணம், கோமியம் கலந்து ஊற்றிக் குளத்துக்குத் தீட்டுக் கழித்தனர். வழக்கு பம்பாய் உயர்நீதிமன்றம் வரை சென்று 1937இல்தான் நமக்குச் சாதகமாக முடிந்தது.

மார்ச் 12ஆம் நாள் பேசியவரும் 20ஆம் நாள் நீர் அள்ளியவரும் ஒருவரே. முதற்செயலை வளர்ச்சி என்றும் அடுத்ததை உரிமை என்றும் அவர் பிரித்து வைக்கவில்லை.

இனி இக்காலத்துக்கு வருவோம். 2015 செப்டம்பர் 25ஆம் நாள் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபையில் 193 நாடுகள் கூடி 17 இலக்குகளையும் அவற்றின்கீழ் 169 உட்குறிக்கோள்களையும் ஏற்றுக்கொண்டன. வறுமை ஒழிப்பு முதல் இலக்கு, கல்வி நான்காவது, நீரும் சுகாதாரமும் ஆறாவது, ஏற்றத்தாழ்வைக் குறைத்தல் பத்தாவது, நீதியும் அமைதியும் பதினாறாவது. 2030க்குள் இவற்றை அடைய வேண்டும். ஒருவரையும் பின்னே விட்டுவிடுவதில்லை என்பது இதன் உறுதிமொழி. 1948இன் மனித உரிமைப் பிரகடனத்தையும் பிற உடன்படிக்கைகளையும் இவற்றோடு ஒப்பிட்டு ஆராய்ந்த டென்மார்க்கு மனித உரிமை நிறுவனம், உட்குறிக்கோள்களில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை ஏதேனும் ஓர் உரிமை விதியோடு தொடர்புடையவை எனக் கண்டுள்ளது. ஆகவே இரண்டையும் இணைப்பது என்பது ஒட்டுப் போடும் வேலையாகாது. உறவு முன்பே உள்ளது. கணக்கு எழுதும்போதுதான் அது அறுந்துபோகிறது.

எங்கே அறுகிறது என்று பார்ப்போம். நிதி ஆயோக் 2018 முதல் மாநிலங்களுக்கு மதிப்பெண் போட்டு வருகிறது. 2023-24ஆம் ஆண்டுப் பட்டியலில் கேரளமும் உத்தரகாண்டும் 79 பெற்று முதலிடம், தமிழ்நாடு 78. மகிழ்ச்சிக்குரிய செய்தியே. ஆனால் முப்பது ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியவனுக்கு மதிப்பெண் பட்டியலைக் கண்டால் ஓர் ஐயம் எழுவது இயல்பு. வகுப்புச் சராசரி 78 என்றால், கடைசி வரிசையில் இருக்கும் பிள்ளை எத்தனை வாங்கியது? 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு, பட்டியல் சாதியினரின் எழுத்தறிவு 73.26 விழுக்காடு. சராசரியை மட்டும் படிப்பவனுக்கு இரண்டாவது எண் கண்ணில் படாது. 2021இல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்போ தள்ளிப்போயிற்று. 2027 கணக்கெடுப்பில் சாதி விவரமும் கேட்கப்படும் என 2025இல் மத்திய அரசு அறிவித்தது.

உலக இலக்குகளின் வாசகத்திலும் இக்குறை உண்டு. 17.18 என்னும் உட்குறிக்கோள், வருமானம், பால், வயது, இனம், இடம்பெயர்வு, உடற்குறை, வாழிடம் ஆகியவற்றின்படி புள்ளிவிவரத்தைப் பிரித்துத் தர வேண்டும் என்கிறது. அப்பட்டியலில் சாதி என்ற சொல் இல்லை. அந்தந்த நாட்டுக்குப் பொருத்தமான "பிற தன்மைகள்" என்று மட்டும் முடித்திருக்கின்றனர். நம் நாட்டில் அந்தப் "பிற" என்பதற்குள் என்ன அடங்கும் என்பதை நாம்தாம் எழுதி நிரப்ப வேண்டும். வேறு எவரும் நிரப்பமாட்டார்.

நிரப்பிய ஒரு வரலாறு நம் கண்முன்னே உண்டு. கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடை செய்து 1993இல் சட்டம் வந்தது. சட்டம் வந்துவிட்டதால் தொழிலும் போய்விட்டது என்றே அரசு அலுவலகங்கள் கருதின. 2003இல் சபாய் கர்மசாரி ஆந்தோலன் உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தபோது, எங்கள் மாநிலத்தில் அத்தொழிலே இல்லை என்று மாநிலங்கள் பல எழுதிக் கொடுத்தன. பெசவாடா வில்சனும் அவருடைய தோழர்களும் என்ன செய்தனர்? ஊர் ஊராகச் சென்றனர். உலர் கழிப்பிடம் எங்கே உள்ளது, அதைச் சுத்தம் செய்பவர் யார் என்று எழுதினர், புகைப்படம் எடுத்தனர், அவற்றை நீதிமன்றத்தில் அடுக்கினர். இல்லை என்று சத்தியம் செய்த காகிதத்துக்கு எதிரே, இருக்கிறது என்று காட்டிய காகிதம்! இதற்கிடையே 2011 கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியலில், கழிவை மனிதர் அகற்றும் கழிப்பிடம் என்று ஒரு கட்டம் இடம்பெற்றது. அந்தக் கட்டத்தில் 7,94,390 என்ற எண் விழுந்தது. கட்டம் இருந்ததால் எண் விழுந்தது. கட்டம் இல்லாதிருந்தால் அத்தனை கழிப்பிடங்களும் "கழிப்பிடம் உண்டு" என்ற நல்ல கணக்கிலேயே சேர்ந்திருக்கும்.

இதன் பயனாக 2013இல் புதிய சட்டம் வந்தது. 2014 மார்ச் 27ஆம் நாள் உச்சநீதிமன்றம், 1993 முதல் சாக்கடையிலும் மலக்குழியிலும் இறந்தவர்களின் குடும்பங்களைத் தேடிக் கண்டறிந்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் 10 இலட்சம் ரூபாய் வழங்கக் கட்டளையிட்டது. 2023 அக்டோபரில் வேறொரு வழக்கில் இத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. தேடிக் கண்டறிக என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். எண்ணுவதே நீதிமன்றத்தின் கட்டளையாயிற்று.

இதை ஆறாம் இலக்கோடு சேர்த்துப் படியுங்கள். 2014 முதல் 2019 வரை நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்ட கழிப்பிடங்கள் கட்டப்பட்டன. நம் தாய்மார்களுக்கு அது எத்துணை நிம்மதி என்பதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். உலக அளவுகோலும் வீட்டில் கழிப்பிடம் உண்டா என்று கேட்கிறது. கழிவு பாதுகாப்பாக அகற்றப்படுகிறதா என்றுகூடக் கேட்கிறது. அகற்றுகிறவர் பாதுகாப்பாக இருக்கிறாரா என்று அந்த இடத்தில் கேட்பதில்லை. அக்கேள்வி எட்டாம் இலக்கில், பணியிடப் பாதுகாப்பைப் பற்றிய 8.8இல் தனியே கிடக்கிறது. ஊரில் புதிதாக நூறு மலக்குழிகள் தோண்டினால் ஆறாம் இலக்கில் மதிப்பெண் ஏறும். ஐந்தாறு ஆண்டில் அவை நிரம்பும்போது யாரை அழைப்பார்கள் என்பது நம் அனைவருக்கும் தெரியும். பாதாளச் சாக்கடை மரணங்கள் மிகுதியாகப் பதிவான மாநிலங்களில் நம் மாநிலமும் ஒன்று என்பதை நினைவிற்கொண்டு அந்த 78 மதிப்பெண்ணைப் படிக்க வேண்டும்.

குடிநீரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தாழ்த்தப்பட்ட மக்கள் வாழும் பகுதிக்கான மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மலம் கலந்திருப்பது கண்டறியப்பட்டது. பிள்ளைகள் நோயுற்ற பின்னரே அது வெளிப்பட்டது. அதை விசாரிக்கச் சென்ற மாவட்ட ஆட்சியரிடம், தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை இருப்பதும் கோயிலில் நுழைய விடாததும் சொல்லப்பட்டன. 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை அச்சமூகத்தைச் சேர்ந்த மூவரையே குற்றஞ்சாட்டியது. அவ்வூர் மக்கள் அதை ஏற்கவில்லை. வழக்கின் உண்மையைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை. நான் அதற்குள் புகவில்லை. என் கேள்வி வேறு. முந்திய மாதம் வரை அவ்வூர் எந்தக் கணக்கில் இருந்திருக்கும்? தொட்டி உண்டு, குழாய் உண்டு. குடிநீர் பெற்ற ஊர் என்ற கணக்கில்தானே? இரட்டைக் குவளை என்பது நீரேற்று நிலையப் பதிவேட்டில் எழுதும் செய்தி ஆகாது. ஆனால் ஓர் ஊரின் நீர் யாருக்கு எந்த மதிப்போடு கிடைக்கிறது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் அளவுகோலும் வேறில்லை.

என் தொழில் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தலைமையாசிரியர் ஒவ்வோர் ஆண்டும் யூடைஸ் என்னும் பள்ளி விவரப் படிவத்தை நிரப்ப வேண்டும். மாணவர் எத்தனை, அவர்களுள் பட்டியல் சாதியினர் எத்தனை, ஆண் பெண் கழிப்பறை எத்தனை, குடிநீர் உண்டா, மின்சாரம் உண்டா, கை கழுவும் இடம் உண்டா என்று கேட்பார்கள். நான்காம் இலக்கின் 4.a என்னும் உட்குறிக்கோள் அளக்கப்படுவதும் இத்தகைய விவரங்களைக் கொண்டுதான். படிவம் பயனுள்ளது, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அக்கழிப்பறையைக் கழுவுமாறு எந்தப் பிள்ளையும் ஏவப்படுகிறதா, ஏவப்பட்டால் எந்தத் தெருப் பிள்ளை என்ற கட்டம் அதில் இல்லை. பந்தியில் யார் எங்கே அமர்கின்றனர் என்பதும் இல்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தில் இது உண்டு. நலிந்த பிரிவுப் பிள்ளைகள் பள்ளியில் வேற்றுமைக்கு உள்ளாகாமல் பார்த்துக்கொள்வது அரசின் கடமை என்று அது கூறுகிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்றும், நலிந்த பிரிவினருக்கு உரிய இடம் வேண்டும் என்றும் கூறுகிறது. படிவத்தில் இல்லாத கேள்வியைக் கேட்க வேண்டிய இடம் அந்தக் குழு. நம் பெற்றோர் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேநீர் அருந்தித் திரும்பிவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

சட்டத்திலேயே கண்காணிப்பு அமைப்புகள் உள்ளன. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995 விதிகளின்படி, முதலமைச்சர் தலைமையிலான மாநிலக் குழு ஆண்டுக்கு இருமுறையும், ஆட்சியர் தலைமையிலான மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் கூட வேண்டும். மாவட்டக் குழுவில் நம் சமூகத்தைச் சேர்ந்த, அரசு அலுவலர் அல்லாத உறுப்பினர் ஐவர் வரை இடம்பெறலாம். அவர்கள் யார்? குழு கடைசியாக என்று கூடியது? என்ன முடிவெடுத்தது? 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு விண்ணப்பம் போதும். முப்பது நாளில் விடை தர வேண்டும். நான் அரசு ஊழியன், நடத்தை விதிகளுக்கு உட்பட்டவன். சட்டத்தில் உள்ளதை எடுத்துச் சொல்வது எந்த விதிக்கும் மாறானதன்று.

வெளிநாட்டு அரங்குகளைப் பற்றி மிகுதியாகச் சொல்லப் போவதில்லை. மனித உரிமைக் குழுமத்தில் இந்தியா 2008, 2012, 2017, 2022 ஆகிய ஆண்டுகளில் நான்கு முறை பிற நாடுகளின் கேள்விகளுக்கு விடையளித்தது. வளர்ச்சி இலக்குகள் பற்றி 2017இலும் 2020இலும் தானாக முன்வந்து அறிக்கை அளித்தது. முதலாவது அரங்கில் வெளிப்படையாகப் பேசப்படும் சாதி, இரண்டாவதில் மங்கிப்போகிறது. ஊரில் எழுதப்படாத செய்தி ஜெனீவாவுக்கோ நியூயார்க்குக்கோ தானாக நடந்து போகாது.

ஆகவே, சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். இருபத்தைந்து ஆண்டுகளாக நம்மிடம் உதவித்தொகைப் பதிவேடு உண்டு, நன்கொடைப் பதிவேடு உண்டு, கூட்ட நடவடிக்கைப் பதிவேடு உண்டு. ஊர்ப் பதிவேடு ஒன்றையும் தொடங்குவோம். குழாயில் நீர் வரும் நேரம் ஊருக்கும் நம் தெருவுக்கும் ஒன்றா, சுடுகாட்டுக்குப் பாதை உண்டா, நம் வீட்டுமனைகளில் எத்தனைக்குப் பட்டா உண்டு, பத்தாம் வகுப்பு முடித்த நம் பெண் பிள்ளைகளில் மேலே படிக்காமல் நின்றவர் எத்தனை பேர், உதவித்தொகை எந்த மாதம் வந்தது என்று எழுதுவோம். வன்கொடுமை வழக்கு இருந்தால் முதல் தகவல் அறிக்கை என்று பதிவாயிற்று, விதிப்படி 60 நாளில் புலனாய்வு முடிந்ததா, நிவாரணத் தொகையின் தவணைகள் வந்தனவா என்று எழுதுவோம். ஒவ்வொன்றின் எதிரிலும் இரண்டு சிறு கட்டங்கள் இருக்கட்டும்: ஒன்றில் அது எந்த இலக்கின் எண், மற்றதில் அது எந்தச் சட்டத்தின் பிரிவு. ஆட்சியர் அலுவலகத்தில் வளர்ச்சிப் பிரிவுக்குச் சென்றால் முதற்கட்டத்தைக் காட்டலாம். நலக்குழுவுக்குச் சென்றால் இரண்டாவதைக் காட்டலாம். "இது எங்கள் துறை அன்று" என்று திருப்பி அனுப்ப இரண்டு இடத்திலும் வழியிராது.

எழுதும் முறை பற்றி இளைஞர்களிடம் கண்டிப்பாக இருக்க விரும்புகிறேன். கண்ணால் கண்டதையும் ஆவணத்தில் உள்ளதையும் மட்டும் எழுத வேண்டும். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டது என்றே குறிக்க வேண்டும். நாள், நேரம், இடம் தவறக்கூடாது. ஒன்றைப் பத்தாக்கி எழுதினால் மற்ற ஒன்பது பக்கமும் பொய்யாகக் கருதப்படும். பாதிக்கப்பட்டவர் இசைவின்றி, குறிப்பாகப் பெண்கள், குழந்தைகள் ஆகியோரின் பெயரை எழுதக்கூடாது. இன்னொன்றும் உண்டு; சிலருக்குக் கசக்கலாம். நம் தெருவுக்குள்ளேயே அருந்ததியர் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர்கள் இருக்கின்றனர். நம் கூட்டங்களில் தாய்மார்கள் பின்வரிசையில் அமர்ந்து பேசாமலே எழுந்து போகின்றனர். பதிவேட்டில் இவற்றுக்கும் பக்கம் ஒதுக்க வேண்டும். ஊர்க்காரனை மட்டும் கணக்கெடுக்கும் பதிவேட்டுக்கு நான் துணை நிற்கமாட்டேன்.

பெரியவர்களின் அச்சத்தை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. எழுதத் தொடங்கினால் வயல் வேலை நின்றுபோகும், கடையில் கடன் நின்றுபோகும் என்பது அவர்கள் பட்டறிந்த உண்மை. 2016 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு தனிக் குற்றம். சாட்சிகளுக்கும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் பாதுகாப்புப் பெறும் உரிமையும் அத்திருத்தத்தில் உண்டு. சட்டம் இருப்பதால் மட்டும் அடுப்பு எரியாது என்பதையும் அறிவேன். அதனால்தான் தனி மனிதர் பெயரில் இல்லாமல் சங்கத்தின் பெயரில், தலைவர், செயலாளர் கையெழுத்தோடு இப்பதிவேடு இருக்க வேண்டும் என்கிறேன். படித்து வேலைக்குச் சென்று வெளியூரில் இருக்கும் நம் பிள்ளைகள் நன்கொடை அனுப்புவதோடு, பதிவேட்டின் படி ஒன்றைத் தம் வீட்டிலும் வைத்திருக்கலாம்.

செயலாளர் அவர்களிடம் இதைப் பற்றி முன்பே பேசினேன், அவர் இசைந்துள்ளார். மார்ச் 22ஆம் நாள், உலகத் தண்ணீர் நாளன்று, கிராம சபை கூடுகிறது. அதற்குள் நீர் பற்றிய முதற்பக்கத்தை முடித்துவிடலாம் என்பது எங்கள் எண்ணம். இரண்டு தெருக்களுக்கும் நான்கு பேர் வீதம் எட்டுப் பேர் தேவை. அவர்களுள் நால்வரேனும் பெண்களாக இருக்க வேண்டும். பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு இடப்புறம் உள்ள மேசையில் எழுதிக் கொடுக்கலாம்.